வெர்னியருக்கு அகப்படாத சைக்கிள்

இந்த சைக்கிளை எவன் செய்தான், எந்த வருஷம் செய்தான் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் சோபாவில் உட்காருவதில்லை என்று கிருபாசங்கர் சபதம் எடுத்தார். அடுப்படியில் அவருடைய மனைவி சாந்தாமணி அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"சபதமெல்லாம் எதுக்குங்க? இடுப்பு வலிக்குமுங்க."

"வலிக்கட்டும்!"

"அப்ப உங்க இஷ்டமுங்க."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற பெண்ணில்லை அவள். கிருபாசங்கர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அவர் சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். முத்திரை இல்லாத சாமானைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், டம்ளரைத் தூக்கி அடியில் ஐ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பார்த்தவர். சாந்தாமணி அதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள், ஆளை அன்றைக்கே அளந்துவிட்டாள்.

ரிட்டயரானதும் சோபாவோடு ஐக்கியமானார். சர்க்கரை ஏறியது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "வேலை வெட்டி இல்லாதவன் நடப்பான்" என்று சொல்லிவிட்டு இவர் டிவி ரிமோட்டைத் தேடினார். சாந்தாமணி கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் உப்பில்லாமல் சமைத்தாள். இதே சர்க்கரையில் அவளுடைய அப்பாவுக்குக் கால் போயிருந்தது. ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழவும் செய்தாள். சோபா அசையவில்லை.

அப்புறம்தான் பழைய சாமான் கடை ரசாக் போன் செய்தார்.

"அண்ணா, ரேஸ் சைக்கிள் ஒண்ணு வந்திருக்குதுங்ணா. பேருமில்லீங்க, ஊருமில்லீங்க. உங்களாட்டம் ஆளு பாத்தாத்தானுங்ணா தெரியும்."

கிருபாசங்கர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர், மேலே எவனோ பூசிய கறுப்பு பெயின்ட். எங்கு சுரண்டினாலும் ஓர் எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற வெர்னியரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெடல் அச்சுக் குழலின் அகலம் அறுபத்தெட்டு மில்லி. ஆகவே இத்தாலி இல்லை. குழலின் இரண்டு பக்கமும் வலது மரை. ஆகவே இங்கிலாந்து இல்லை.

"பிரான்ஸ், அம்மணி! பிரான்ஸ்!"

"அப்படீங்களா? எந்த வருஷமுங்க?"

அங்கேதான் சிக்கியது. டயரும் பிரேக்கும் எத்தனை தடவை மாறியிருக்குமோ, அவற்றை வைத்து வருஷம் சொல்ல முடியாது.

"ஏனுங்க, உக்காந்து அளந்தா ஆவுமுங்களா? ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க. மூச்சு வாங்காம ஏறுச்சுன்னா எழுவதுக்குப் பின்னாடி செஞ்ச வண்டிங்க. எங்க சித்தப்பா சொல்லுவாருங்க."

அந்தச் சித்தப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர் என்பது கிருபாசங்கருக்கு மருதமலை அடிவாரத்தில்தான் நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்கியது வண்டிக்கா தனக்கா என்றும் தெரியவில்லை. சந்தேகம் தீர மறுநாளும் போனார். ரேஸ் கோர்ஸில் கூடுகிற பழைய சைக்கிள் பிரியர்களைக் கேட்டார். ஒருவர் அறுபத்தைந்து என்றார், ஒருவர் எழுபத்தைந்து என்றார், மூன்றாமவர் பீளமேட்டில் இதே மாதிரி ஒன்று இருப்பதாகச் சொல்லி மிதிக்க வைத்தார். பீளமேட்டுக்காரர் வடவள்ளிக்கு அனுப்பினார்.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"யோசிக்கிற மூளைக்குச் சர்க்கரை ஜாஸ்தி செலவாகும், தெரியுமா?" என்றார் கிருபாசங்கர்.

"ஆமாங்க," என்றாள் சாந்தாமணி. சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வடவள்ளிக்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். சில வண்டிகளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்துக் குழலுக்குள் அடையாளம் குத்தியிருப்பார்களாம். மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் சக்கரத்தைக் கழற்றினார். வண்டியைக் கவிழ்த்தார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.

எழுத்து இல்லை, எண் இல்லை. சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். சந்தனம் இன்னும் உதிரவில்லை. குங்குமம் கறுக்கவில்லை. முகர்ந்தார். சந்தனத்தில் ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் கலந்து குழைப்பது இந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில்தான். வாழ்க்கையில் அவர் கொடுத்த மிகத் துல்லியமான தீர்ப்பு அது: வயது, மூன்று மாதம். தயாரிப்பு, சாந்தாமணி.

"ரசாக் கடைக்குப் போறதுக்கு முன்னால இந்த வண்டி எங்க இருந்துச்சு?"

சாந்தாமணி சின்ன வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "எங்க தங்கச்சி செவ்வந்தி ஊட்டுப் பரண்ல கெடந்ததுங்க. அப்புறம் ரெண்டு நாளு நம்ம கார் ஷெட்டுலதான் இருந்துச்சுங்க."

"நம்ம ஷெட்டுலயா? நான் பாக்கலையே!"

"நீங்கதான் சோபாவ உட்டு எந்திரிக்கலையேங்க."

"பொட்டு எதுக்கு வெச்சே?"

"பொட்டு வெக்காத வண்டியில உங்கள எப்படிங்க ஏத்தி உடறது? ரோட்டுல லாரி போறான், பஸ்ஸு போறான். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவள் கண் கலங்கியது வெங்காயத்தால் இல்லை. கிருபாசங்கருக்குத் தன்மேல் இத்தனை பிரியமா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஏமாந்த கணவனுக்கும் ஒரு மானம் உண்டு.

"நாளையிலிருந்து இதைத் தொடமாட்டேன். நானென்ன நீ சுத்தி உடற பம்பரமா?"

"சரிங்க," என்றாள் சாந்தாமணி பணிவாக. "அப்ப அந்தத் தகடும் வேண்டாமுங்களா?"

"எந்தத் தகடு?"

"வண்டி நெத்தியில இருந்ததுங்க. கம்பெனிப் பேரு, ஊரு எல்லாம் இருந்துச்சுங்க. பின்னால வருஷத்தக்கூட பொறிச்சிருந்தாங்க. அதப் பாத்தா ஒரே நாள்ல கண்டுபுடிச்சுப்போட்டு மறுபடி சாஞ்சுக்குவீங்கன்னு கழட்டிப்போட்டமுங்க."

"எங்க அது?"

"அவிநாசியில, செவ்வந்திகிட்ட இருக்குதுங்க."

அவர் கை ஸ்கூட்டர் சாவியை நோக்கிப் பாய்ந்தது. சாந்தாமணி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"சைக்கிள்ல வந்தா மட்டும் குடுன்னு சொல்லிப்போட்டேனுங்க."