சுவரில் ஒற்றை மாலை

கோலியர்ஸ் வுட், லண்டன்
11.9.1994, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனர் சுந்தரராஜனுக்கு,

நலம். வழக்கமாகக் கடிதத்தில் நலம் என்று எழுதினால் அதை யாரும் நின்று வாசிப்பதில்லை. இம்முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கவும். நான் நலம். உயிரோடு இருக்கிறேன். இன்று காலை ஏழு இடியப்பம் சாப்பிட்டேன், எட்டாவதை மகள் வசந்தமலர் பறித்துக்கொண்டாள். ரொறன்ரோவிலிருந்து யார் என்ன சொல்லி அழுதாலும் நம்ப வேண்டாம். உங்கள் தங்கை கமலாம்பிகையை நம்ப விடவும் வேண்டாம்.

நேற்று நான் அடித்த தந்தி இதற்குள் வந்திருக்கும். "குலசேகரம் சாகவில்லை, கடிதம் வருகிறது" என்று அடித்தேன். அடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் தந்தி என்றாலே ஒரே செய்திதான். பெயரைக் கண்டதும் மிச்சத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள், அழுது குளறத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் ரெலிபோனோ ஒரு மாதமாகப் பழுது. ஆகவே இந்தக் கடிதத்தை டொலறஸ் கையில் கொடுத்துவிடுகிறேன். மகளோடு வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளை அவள், இன்று பின்னேரம் கொழும்புக்குப் பறக்கிறாள். வியாழக்கிழமை கமலாம்பிகைக்கு விசா நேர்முகம் அல்லவா? புருஷன் லண்டனில் இருக்கிறான் என்பதற்காகத்தானே அவளுக்கு விசா! அவன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு வெள்ளைச் சேலையோடு அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தாளானால் எல்லாம் பாழ். நான்கு வருடமாகக் காத்திருந்தது ஒரு சேலையால் போய்விடும்.

எப்படி வந்தது இந்த வினை என்று கேட்பீர்கள். சுவரால் வந்தது, மச்சான். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

போன வருடம் சித்திரையில் ஒரு நாள் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்ட நான் பஸ் மாறி ஏறி, பிரிக்ஸ்ரனில் போய் இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே மூன்று மாடி உயரச் சுவர், அது முழுவதும் படம். சந்தைப் பெண்கள், மீன் பெட்டி, மேளம் அடிப்பவர்கள், அவர்களின் தலைக்கு மேலே ஒரு சூரியன், அதன் ஒரு கதிரே நம் கிணற்றுக் கயிற்றளவு நீளம். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திநான்கு வருடம் கறுப்பு மையில் காணி எல்லைகளைக் கீறியவன் நான். ஒரு மரத்தைக் கீறினால்கூட ஒரு புள்ளியும் ஒரு வட்டமும்தான். இங்கே ஒருவன் கேட்பாரில்லாமல் ஒரு வீட்டின் முழு முதுகிலும் கீறி வைத்திருக்கிறான்! அன்று பிள்ளையார் என்னைக் காணவேயில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இலவச பஸ் பாஸ், ஒரு போத்தல் தேநீர், பழைய அளவு நாடா, ஒரு கொப்பி. இவ்வளவும் எடுத்துக்கொண்டு தினமும் புறப்பட்டேன். கிழக்கு லண்டனில் ஒரு சுவரில் சண்டை நடக்கிறது, பார்க்கும்போது நமக்கே அடி விழுமோ என்று பின்வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தெருவில் ஜன்னலே இல்லாத சுவரில் ஜன்னலைக் கீறி, அதில் ஒரு பூனையையும் கீறியிருக்கிறார்கள். அது வாலை ஆட்டும் என்று கால் மணி நேரம் காத்து நின்றேன். ரயில் பாலங்களுக்குக் கீழே பெடியள் மருந்தடிக்கும் குழாய் மாதிரி ஒன்றால் நிறத்தை விசிறி, பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கோடு என்றால் அதுதான் கோடு, கை நடுக்கமே இல்லை. எல்லாவற்றையும் இலக்கம் போட்டு நீளம், உயரம், திசை சகிதம் கொப்பியில் பதிந்தேன். அறுபத்தொரு சுவர், மச்சான்! ஒரு நாள் ஒரு பொலிஸ்காரன் வந்து என்ன செய்கிறீர் என்று கேட்டான். சுவரை அளக்கிறேன் என்றேன். யாருக்காக என்றான். எனக்காக என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்ற நுனியைப் பிடிக்கவா என்று கேட்டானே பார்க்கலாம்! முப்பத்தெட்டு அடி. அந்த நேரம் எனக்கிருந்த சந்தோசத்தை எந்த உத்தியோகத்திலும் நான் கண்டதில்லை. ஈரம் காயாத சுவரில் சாய்ந்து முதுகெல்லாம் நீலமாக வீட்டுக்கு வந்ததையும், மருமகன் என்னைப் பின்பக்கத்தால் வரச் சொன்னதையும் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை.

இப்படி இருக்கையில் இந்த வருடம் ஆடி மாதம் எங்கள் தெரு முனையிலேயே ஒரு ஏணியைக் கண்டேன். மூடிக் கிடக்கும் சலவைக் கடையின் பக்கச் சுவர். வெண்டி என்ற வெள்ளைக்காரப் பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கவுன்சில் உதவியோடு இந்த ஊர்ச் சனங்களைக் கீறுகிறாள். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை. "பிள்ளை, உன்ரை புகைபோக்கி இரண்டு அங்குலம் சரிவு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், பிறகுதான் இங்கிலீசில் சொன்னேன். அவள் இறங்கி வந்து, தூர நின்று பார்த்து, சோக்கட்டியை என் கையில் தந்தாள். அன்றிலிருந்து ஆறு கிழமை நான்தான் அந்தச் சுவருக்குக் கட்டம் போட்டேன். என் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

முடிகிற நேரம் வெண்டி சொன்னாள், உங்கள் முகமும் இதில் வரவேண்டும், படம் ஒன்று தாருங்கள் என்று. நான் என் கடவுச்சீட்டுப் படத்தைக் கொடுத்தேன். நம் ஆட்கள் படத்துக்குச் சிரிப்பதில்லையே. உங்கள் ஊரில் ஒருவரை எப்படிக் கௌரவிப்பார்கள் என்று கேட்டாள். மாலை போடுவோம் என்றேன். அவள் செவ்வந்தி மாலை ஒன்று போட்டாள், ஒவ்வொரு இதழும் தனித்தனியாக. இடம் வெறுமையாக இருக்கிறதென்று என் பக்கத்தில் ஒரு தெரு விளக்கையும் ஏற்றி வைத்தாள். பன்னிரண்டு அடி முகம், மாலை, விளக்கு. நான் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நேர்கோடு பார்த்தவன், ஒரு நாளாவது எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்தால் பஸ்ஸில் போன பெர்னடெற் பார்த்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், தங்கமான பெண். சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று, போன வியாழக்கிழமை ஒரு பெரிய பானை சோறும் மரக்கறியும் சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மணியை அடித்தாள். கதவைத் திறந்தது நான்.

"ஐயோ, குலசேகரம் அண்ணை!"

"ஓம், வாங்கோ பிள்ளை."

"நீங்கள் சுவரிலையெல்லோ..."

"ஓம், சுவரிலை நான்தான். வடிவாய் வந்திருக்கோ?"

பாவம், படியிலேயே இருந்துவிட்டாள். பானை மட்டும் தப்பியது, நல்ல கத்தரிக்காய்க் குழம்பு. புறப்பட முதலே அவள் தெரிந்தவர்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்திருந்தாளாம், அவளுக்குப் பின்னால் வரிசையாக வரத் தொடங்கினார்கள். ஈலிங்கிலிருந்து, விம்பிள்டனிலிருந்து, யாரென்றே தெரியாத ஒருவர் குறொய்டனிலிருந்து. ஒவ்வொருவருக்கும் நானே கதவைத் திறந்து, நானே தேநீர் கொடுத்து, நானே என்னைப் பற்றி ஆறுதல் சொன்னேன். வாத்தியார் அருட்பிரகாசம் எனக்கு இரங்கற்பா எட்டு வெண்பா எழுதிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எழுதினது எழுதினதுதானே. ஒருக்கா இருந்து கேளுங்கோ," என்றார்.

கேட்டேன். நேர்மையானவன், எல்லை தவறாதவன், கோடு போல் வாழ்ந்தவன் என்றெல்லாம் இருந்தது. உத்தியோகத்தில் இருந்தபோது ஒருவரும் என்னை இப்படிச் சொன்னதில்லை. அழுதுவிட்டேன், மச்சான். பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் நாளே ரொறன்ரோவில் தன் தம்பிக்கு ரெலிபோன் எடுத்து நாலாவது வெண்பா வரை வாசித்துக் காட்டிவிட்டாராம். தம்பியின் மனைவி வெள்ளவத்தையில், உங்களுக்குக் கிட்ட இருக்கும் தன் தாயாருக்கு அப்போதே எடுத்துவிட்டாளாம். அந்தத் தாயார் வாயில் ஒரு செய்தி அரை மணி நேரம் தங்காது.

வசந்தமலர் வேலையால் வந்து, கதிரை நிறையச் சனத்தைக் கண்டு, விசயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்தாள்.

"அப்பா, நாளைக்கே அந்தச் சுவரை வெள்ளையடிக்கச் சொல்லுங்கோ. அம்மா வரவேணுமோ, உங்கடை முகம் வேணுமோ?"

அன்று போய் முதல் முறையாக எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. நம் ஊரில் மாலையோடு ஒரு முகம் சுவரில் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கடைசியாக யாழ்ப்பாணத்துச் சுவர்களில் நான் பார்த்த முகங்கள் எல்லாம் என் பேரப்பிள்ளை வயது. அதை மறந்துவிட்டு நான் இங்கே மாலை போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான்கு வருடம் இந்தத் தெருவால் போய் வந்தேன், ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. சுவரில் வந்த பிறகு பத்திரிகைக் கடைக்காரன் கைகாட்டுகிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் "சுவர்த் தாத்தா" என்கிறார்கள். விட மனமில்லை. ஆனால் சுவரா கமலாம்பிகையா என்றால் நான் யோசிக்க என்ன இருக்கிறது? வெண்டியிடம் சொல்லிவிட்டேன். நாளை திங்கட்கிழமை என் முகம் இருக்கும் இடத்தில் ஒரு மரம் வரும். சரி என்றாள். தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே மச்சான், வியாழன் மட்டும் கமலாம்பிகையை வாசலுக்கு விடாதீர்கள். அந்தத் தாயார் வந்தால் அவள் குளிக்கிறாள் என்று சொல்லுங்கள், திரும்ப வந்தால் இன்னும் குளிக்கிறாள் என்று சொல்லுங்கள். கேள்விப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை உரத்து வாசியுங்கள். சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, தாலியை வெளியே விட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். சுவர் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அது இனி இல்லை.

எல்லாம் வல்ல பிள்ளையார் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையிருந்து, உங்கள் ரெலிபோனையும் திருத்தித் தரட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
இ. குலசேகரம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது ரெலிபோன் அடித்தது. டொலறஸ் பெட்டியோடு முன்னறையில் இருக்கிறாள். எடுத்தால் கமலாம்பிகை! காலி வீதியில் ஒரு கடையிலிருந்து பேசுகிறாளாம். வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியுமாம்.

"நீ நம்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் செத்தாலும் அதை ஆறு பக்கத்திலை எனக்கு எழுதாமல் போகமாட்டியள்," என்றாள். எண்ணிப் பார்த்தேன். இது ஆறாம் பக்கம்.

டொலறஸ் கடிதத்தோடு வருகிறாள், சுவரில் மரம் வரப்போகிறது என்று சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"சுவரை அழிக்கப்படாது! ஒரு மாலை எண்டால்தானே செத்தவீடு? பக்கத்திலை என்னையும் கீறி இன்னொரு மாலையைப் போடச் சொல்லுங்கோ. ரண்டு மாலை எண்டால் கலியாணவீடு. அதைப் படம் பிடிச்சு டொலறஸிட்டைக் குடுத்துவிடுங்கோ. வியாழக்கிழமை அந்த வெள்ளைக்காரனுக்குக் காட்டவேணும், என்ரை மனிசனுக்குப் பக்கத்திலை எனக்கு இடம் இருக்குதெண்டு."

ஆகவே மச்சான், மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சேலை விசயம் மட்டும் இருக்கட்டும். இதைச் சுவரடியில் நின்று எழுதுகிறேன்: நான் கூப்பிட்டதும் ஓடி வந்த வெண்டி இப்போது ஏணியில் நிற்கிறாள், சோக்கட்டி என் மற்றக் கையில், டொலறஸ் கமராவோடு கீழே நின்று விமானம் போகப்போகிறதென்று கத்துகிறாள். மாலை முடிந்துவிட்டது. முகத்துக்குச் சிரித்த படம் ஒன்று வேண்டுமாம். கமலாம்பிகை சிரித்த படம் எங்கள் யாரிடமும் இல்லை. அதனால் மாலைக்கு மேலே இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அவள் வந்து நின்றால்தான் கீற ஏலும் என்று சொல்லுங்கள்.