காயாத சட்டை

"ஏங்க, உங்க பின்னாடி யாரு நிக்கிறது?"

போன் திரையை நிறைத்துக்கொண்டு மனைவியின் முகம் கேட்டது. லிப்ட் மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். மருந்துப் பை தொங்கும் கம்பியை மறைக்க அவரே மாட்டிவிட்ட சட்டை, ஆள்போலத் தோளை விரித்து நின்றது.

"சட்டை."

"சட்டை எதுக்கு நடுக்கூடத்துல நிக்குது?"

"காயுது."

"நேத்தும் இதே சட்டைதானே காஞ்சுது?"

வேலையிடத்தில் ஓர் இரும்புத் துண்டு காலில் விழுந்தது. சின்னக் காயம்தானே என்று அவர் அலட்சியமாக விட்டதில், சீழ் பிடித்துக் கிருமி எலும்புவரை இறங்கிவிட்டது. சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த டாக்டர், "இது மாத்திரைக்கு அடங்காது. வாரக்கணக்கா நரம்பு வழியா மருந்து ஏத்தணும். அதுக்கு இங்க கிடக்க வேணாம், வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க" என்று மேற்கையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி அனுப்பிவைத்தார். இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருப்போம் என்று அவர் சொன்னதை மெக்கானிக் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்துவிடுவாள். தூரத்து ஊரில் மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். வந்துவிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்குப் பழக்கம்தான். "சாப்பிட்டியா", "சரி", "வச்சிடறேன்". அவருடைய போன் பேச்சு இத்தோடு முடிந்துவிடும்.

குழந்தை தூங்கி அவள் போன் செய்யும் நேரமும், இங்கே மருந்து இறங்கும் நேரமும் ஒன்றாக அமைந்ததுதான் வினை.

சட்டையைச் சமாளிப்பதற்குள் மருந்து இறக்கும் மிஷின் கீக் கீக் என்று கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"பிரிட்ஜ். கதவு திறந்திருக்கு."

"போய் மூடுங்க."

எழுந்தால் குழாய் இழுக்கும். "மெக்கானிக் வந்து பாத்துட்டிருக்காரு."

"ஐயா, கையை மடக்காதீங்க!" சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் குரல் கொடுத்தாள்.

போனில் அவள் புருவம் உயர்ந்தது.

"மெக்கானிக் பொம்பளையா?"

"ஆமா. கெட்டிக்காரி."

"பிரிட்ஜ் ரிப்பேருக்கு நீங்க எதுக்குக் கையை மடக்கக் கூடாது?"

"கதவைப் பிடிச்சிட்டிருக்கேன்."

"உக்காந்துக்கிட்டா?"

இனி இவளைக் கேள்வி கேட்கவிட்டால் குட்டு உடைந்துவிடும். ஒரே வழி, இவர் பேசிக்கொண்டே இருப்பது. பிரிட்ஜைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். மாடிவீட்டு நாயைப் பற்றிக்கூடப் பேசினார். சரக்கு தீர்ந்தது. மருந்து தீரவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"காலையில பழக்க தோஷத்துல ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிடறேன். அப்புறம் ஒண்ணைத் திரும்ப அலமாரியில வைக்கிறேன். அது ஒரு மாதிரியா இருக்கு."

அவள் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"உன் தலையணை உறையை இன்னும் துவைக்கல. துவைச்சா வாசனை போயிடும்."

மறுநாள் அதே சட்டை, அதே கீக் கீக். "இன்னைக்கும் பிரிட்ஜ் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டு அவள் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். இவர் பதறிப்போய் மறுபடி பேச ஆரம்பித்தார்.

"நீ லிப்டுல மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான உன்னை முதல்ல பாத்தேன். உன் பயம் தெளியட்டும்னு கதவுக்கு வெளியே நின்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கதவு திறந்து உன் முகத்தைப் பாத்தேனா, பேச்சு அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் திரும்பி வரவே இல்ல."

"இருங்க, குழந்தை அழுவுது" என்று அவள் போனைத் திருப்பிவைத்தாள். குழந்தை அழுகிற சத்தம் எதுவும் இவருக்குக் கேட்கவில்லை.

இப்படியே நாள் ஓடியது. சட்டை மட்டும் அவ்வப்போது மாறியது. புண் ஆறியது. ரத்தப் பரிசோதனை நல்ல சேதி சொன்னது. கடைசி நாள் நர்ஸ் குழாயை மெல்ல உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். மெக்கானிக்குக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியும் மிஷினும் போய்விட்டால் நாளைக்கு எதைச் சாக்கு வைத்து அவளிடம் பேசுவது?

"நல்லவேளை, அவளுக்குத் தெரியாமயே முடிஞ்சுது. தெரிஞ்சா கொன்னுடுவா. நீயும் சொல்லிடாதம்மா."

நர்ஸ் பஞ்சின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"முதல் நாளே ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மாவுக்குப் போன் போயிடுச்சு ஐயா. தினமும் உங்க காலைப் பத்தி என்கிட்டதான் விசாரிப்பாங்க. நேத்துதான், 'கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல, இன்னும் ஒரு வாரம் சேத்து மருந்து ஏத்த முடியுமா'ன்னு டாக்டரைக் கேக்கச் சொன்னாங்க."