நான்கு மணிக்குள் உள்ளே போக வேண்டும்

'உங்கள் விவரங்கள் சரியில்லை' என்று திரை மறுபடியும் சொன்னபோது யோர்லேனிக்கு மேசையை ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது. நான்கு மணிக்கு டீம் லீடர் பதவிக்கான இன்டர்வியூ. மூன்று வருஷமாகக் காத்திருந்த இன்டர்வியூ. அது நடப்பதோ கிளவுடில் எங்கோ இருக்கும் அலுவலகக் கணினிக்குள். எரேடியா நகரத்தில் அவள் வீட்டு மேசைமேல் இருப்பது அதைக் காட்டும் வெறும் திரைதான். உள்ளே போகாவிட்டால் பதவி இன்னொருத்திக்கு. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பெனியின் உதவி மையத்தை அழைத்தாள்.

"வணக்கம், உதவி மையம். எவேலியோ பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுது."

அத்தனை பேர் இருக்கும் மையத்தில் இவன்தானா கிடைக்க வேண்டும் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பதிவாகிற பேச்சில் நினைத்ததையெல்லாம் சொல்ல முடியுமா? பணியாளர் எண்ணைச் சொல்லி, லாகின் ஆகவில்லை என்றாள். டோன்யா யோர்லேனி, கடைசியாக பாஸ்வேர்டை எப்போது மாற்றினீர்கள் என்று எவேலியோ பவ்யமாகக் கேட்டான். 'டோன்யா' என்கிற அந்த மரியாதையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் நாயைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வோம்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. கோவத்துல மாத்தினேன். அப்புறம் மூணு நாளா லீவு, என்ன வச்சேன்னு ஞாபகமில்ல."

"பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

"அது என் வீட்டுக்காரர் பேரு."



"அத எதுக்குங்க மாத்தினீங்க?"

"தினமும் காலைல அந்தப் பேரை அடிக்க விரல் வரல."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், நாத்தனார் ஒடிலியேயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "டீம் லீடர் வேலையெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்று கணவன் சொல்லிவிட்டான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்றாலும் ஒடிலியே மூலமாகத்தான் கேட்பது.

எவேலியோ புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். அதைப் போட்டதில், லாகினை உறுதிசெய்யும் அவளுடைய செல்போனின் பதிவு அழிந்துபோயிற்று. அதைத் திரும்பப் பதிவு செய்யப் போனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்டர்நெட் கோளாறாக இருக்கும், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றான். கூடத்துக்குப் போய் அணைத்தாள். லைன் துண்டிக்கப்பட்டது. ரூட்டரில் விளக்கு வந்த பிறகு அவனே கூப்பிட்டான்.

"அணைச்சா லைனும் போயிடும்னு எனக்குத் தோணவே இல்ல."

"இதுக்குப் பேரு உதவி மையம்" என்றாள் யோர்லேனி.

பதற்றத்தில் அவள் பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாக அடிக்க, கணக்கே பூட்டிக்கொண்டது. இனி ஒரே வழி, பதிவில் இருக்கும் இரண்டாவது எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதுதான். எவேலியோ அனுப்பிவிட்டேன் என்றான்.

"அது என் வீட்டுக்காரர் நம்பர்."

"கேட்டு வாங்கிக்கலாமே."

"மாட்டேன். சரிப்படாதுன்னு சொன்ன மனுஷன்கிட்டயே போயி, கதவத் திறந்து விடுங்கன்னு நிக்கணுமா?"

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இன்டர்வியூ போனால் போகட்டும் என்று அவள் ஹெட்போனைக் கழற்றப் போனாள்.

"கொஞ்சம் இருங்க, டோன்யா யோர்லேனி. இதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, இருந்தாலும் சொல்றேன். அவரு பயந்திருப்பாரு. நீங்க மேல போயிட்டா சாயங்காலக் காபிக்குக்கூட உக்கார நேரம் இருக்காதேன்னு."

"அத அவரே சொல்லியிருக்கலாம்ல?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"சொல்லத் தெரியல போலிருக்கு. ஆனா, இந்த வேலைக்கு உங்கள விடப் பொருத்தமான ஆளு இந்தக் கம்பெனியில கிடையாது. இது நல்லாவே பதிவாகட்டும்."

யோர்லேனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு நாளாக மனசுக்குள் இறுகிக் கிடந்தது கொஞ்சம் தளர்ந்தது.

"ஊப்பே" என்று வெளியே குரல் கேட்டது. தெருவாசலில் நின்று கூப்பிடுவது போலத்தான் ஒடிலியே அறைக் கதவிலும் கூப்பிடுவாள். உள்ளே வந்தவள் ஒரு செல்போனை மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க அண்ணி, ஓடிபி இதுல வந்திருக்காம்; இன்டர்வியூ முடிஞ்சதும் நீங்களே பக்கத்து ரூமுக்குப் போயி அண்ணன்கிட்ட போனைக் கொடுத்துடுங்க, அவரு இன்னும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உங்க லைன்லயேதான் உக்காந்திருக்காரு."