மாமனார் வாயில் ஒரு ரசாயனப் பாடம்

அரைகுறையாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் கேடில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஐம்பதுகளில் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் பல்செட் செய்துகொண்டிருந்தேன். (வேறு யாரும் கூப்பிடவில்லை.) கும்மிடிப்பூண்டிக்குப் பெண் பார்க்கப் போன அன்று, டாக்டருக்காகப் பட்டணத்தில் வாங்கிய புதுச் சரக்கு என் பையில் இருந்தது. பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவாகி, அடுப்பில்லாமலே பிளாஸ்டிக்காக இறுகிவிடும்.

பெண் சரோஜாவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் முகம் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, முறுக்கைக் கடித்தவரின் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"பாழாப் போனது, ஆடிக்கினே கீது," என்றார்.

விடுவேனா? கிண்ணத்தில் மாவைக் கலந்து, செட்டில் அப்பி, அவர் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னேன். ரப்பர் பதத்திலேயே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நூறு முறை சொல்லியிருக்கிறார். ஆனால் எதிரில் சரோஜா நிற்கிறாளே!

"உள்ள மூலக்கூறெல்லாம் கைகோத்துச் சங்கிலியாவுதுங்க. எங்க ஊரு கோயில் அமாவாசைக் கூட்டம் மாதிரி. கூட்டம் நெருங்க நெருங்க எவனாலயும் நகர முடியாது. வேலையும் மெதுவாயிடும். அவசரமே இல்ல."

மிச்ச மாவிருந்த கிண்ணத்தைச் சரோஜா தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க, கிண்ணம் சுடுது."

"சுடாதுங்க," என்றேன்.

படித்ததில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பவை நீண்ட சங்கிலிகள் மட்டும். ஒன்றின் முனை இன்னொன்றின் முனையைத் தொட்டால்தான் அவை வளர்வது நிற்கும், அதற்கு வழியில்லை. ஒண்டிக்கட்டையான சின்ன மூலக்கூறுகளோ இடுக்கில் புகுந்து ஓடி, சங்கிலிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேலை தலைதெறிக்க ஓடும், சூடும் ஏறும்.

சரோஜாவின் அப்பா கண்ணில் நீர் வந்தது. பதறிப்போய் இழுத்தேன். பிதுங்கிய மாவு மிச்சமிருந்த சொந்தப் பற்களைக் கவ்வி, மேலும் கீழும் ஒன்றாக இறுகியிருந்தது. வாய் திறக்கவில்லை.

என் அப்பா சமயம் அறிந்தவர். "சம்மந்தி, இஷ்டமில்லன்னா இப்பவே வாயத் தொறந்து சொல்லிடுங்க," என்றார். கொஞ்சம் காத்திருந்தார். "சொல்லலையே. அப்ப சம்மதம்தான்!"

"ம்ம்ம்!" என்று அவர் இரண்டு கையையும் ஆட்டியது யார் கண்ணிலும் படவில்லை.

பட்டணத்தில் ரயில் மாறி, எல்லோரும் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டே சின்ன ரம்பத்தால் அறுத்தார். வாய் திறந்ததும் சரோஜாவின் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "வேணாம்!"

சரோஜாதான் மெல்லச் சொன்னாள்: "கிண்ணம் சுடுதுன்னு சொல்லியும் கேக்காத மனுசன், நைனா. தனியா வுட்டா யாரையாவது கொன்னுடுவாரு. நான் கூட இருந்தாதான் ஊருக்கு நல்லது."

இன்றும் பேரப்பிள்ளைகளிடம் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், உள்ளிருந்து சரோஜாவின் குரல் வரும்: "கிண்ணம் சுடுதுங்க!"

உடனே வாயை மூடிக்கொள்கிறேன், மாமனாரைவிடக் கெட்டியாக.