கொல்லைப்புற ஸ்பீக்கரும் தூக்காத கையும்

தாகேதா, ரங்கூன்
புதன்கிழமை

மதிப்பிற்குரிய அமீர் அலி மாமா அவர்களுக்கு, தங்கை மகன் உஸாமா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் நலம். கரண்ட் நலமில்லை, நேற்று வர வேண்டியது இன்று காலை வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. அங்கே நீங்களும் லத்தீபா மாமியும் நாஜியாவும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். விசாரிக்கலாம் என்றால் மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. இது மன்னிப்புக் கடிதமாக இருக்க வேண்டும் என்பது உம்மாவின் உத்தரவு. ஆகவே அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: மன்னித்துக்கொள்ளுங்கள். முடிந்தது. இனி, நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

பெருநாளன்று நீங்கள் உம்மாவிடம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் வந்து சேர்ந்தது. "பையன் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்னு பெருமை பேசுறியே, கியாக்தான்லே என் வீட்டுக் கொல்லையிலே வச்சுக் கேக்க ஒரு ஸ்பீக்கர் பாத்து எடுக்கட்டும். அதுலே அவன் புத்தி தெரியட்டும். பிறகு நாஜியா பேச்சைப் பேசுவோம்" என்றீர்களாம். ஒரு பெண்ணைக் கொடுப்பதற்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் உம்மாவிடம் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டுப் போய் எடுத்துட்டு வா" என்றார்கள். நாஜியாவை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை இங்கே எழுதக் கூடாதாம். எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

உங்கள் தேவைகள் மூன்று. வெளியில் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்க வேண்டும், மழையில் நனைந்தாலும் சாகக் கூடாது, கரண்ட் இல்லாவிட்டாலும் பொழுது சாயும் வரை பாட வேண்டும். கியாக்டடாவில் எங்கள் இன்வெர்ட்டர் கடைக்கு இரண்டு கடை தள்ளி கோ சந்திரமோகன் இருக்கிறாரே, அப்பா தமிழர், அம்மா பர்மியர், மூன்று மொழியிலும் ஒரே பொய்யைச் சொல்லக்கூடியவர், அவரிடம்தான் போனேன். பெட்டியில் அறுபது வாட் என்று போட்டிருந்த ஒன்றை எடுத்து முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டினார். கடைக்குள் எந்த டப்பாவும் இடி மாதிரிதான் கேட்கும், நாலு சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கொல்லையில் சுவர் இல்லை, வானம்தான் இருக்கிறது, போன சத்தம் போனதுதான். அதோடு உள்ளே இருக்கும் பாட்டரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே அறுபது வாட் கொடுத்தால் ஏழு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதைச் சொன்னேன். "ஒரு பாட்டுக்கு ஏழு நிமிஷம் போதாதா, கோ உஸாமா?" என்றார். இந்த மாதிரி ஆட்களுக்கு நடுவில்தான் மாமா நான் உங்களுக்காகப் பொருள் தேடினேன்.

கடைசியில் அவரிடமே எடுத்தது, செங்கல் அளவு இருந்தாலும் செங்கல்லைவிடக் கனமானது. கனம் என்றால் பாட்டரி. வாட்டைப் பெருக்கி எழுதவில்லை. தண்ணீரில் இரண்டு முழம் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சான்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் வந்ததும், சான்றை நம்பாமல், நான் அதை எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த தண்ணீர் டிரம்மில் முக்கி வைத்தேன். அரை மணி நேரம் நீங்கள் டிரம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். "இதென்னடா, ஸ்பீக்கரா மீனா?" என்று கேட்டீர்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மரியாதைக் குறைவு என்று உம்மா சொல்கிறார்கள். நேரம் பார்ப்பது எப்படி மரியாதைக் குறைவாகும்?

எடுத்துத் துடைத்து, முருங்கை மரத்தடியில் வைத்து உங்கள் பழைய பாட்டைப் போட்டேன். நன்றாகப் பாடியது. "சத்தம் வை" என்றீர்கள். வைத்தேன். "இன்னும் வை" என்றீர்கள். அடுத்த வீட்டு டோ தான் யீயும் அவர் கணவர் ஊ மின்னும் என்ன விசேஷம் என்று லபே ஊறுதேயிலைத் தட்டோடு வந்துவிட்டார்கள். "பாட்டு தெளிவாயில்லையே மாப்பிள்ளை, என்னமோ கம்பளிக்குள்ளே இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். மாப்பிள்ளை என்று நீங்கள் சொன்னதும் உம்மா சந்தோஷப்பட்டார்கள். நான் 'கம்பளி' என்பதைக் கவனித்தேன். கம்பளி என்றால் உயர்ந்த சுருதிகள் வரவில்லை என்று அர்த்தம். அதைச் சோதிக்க முறை இருக்கிறது. என் போனில் ஒவ்வொரு சுருதியாக வாசிக்கும் செயலி உண்டு. உங்கள் எல்லாரையும் பத்தடி தள்ளி வரிசையாக உட்கார வைத்து, "கேட்டால் கையைத் தூக்குங்கள், கேட்காவிட்டால் இறக்குங்கள்" என்றேன். நீங்கள், மாமி, நாஜியா, உம்மா, டோ தான் யீ, ஊ மின், ஆக ஆறு பேர். நான் என் காதை நம்பவில்லை. சோதனை செய்கிறவனே சாட்சியும் சொல்லக் கூடாது, அது முறையில்லை. கைகளை மட்டும் எண்ணினேன்.

ஆயிரம் ஹெர்ட்ஸ் சுருதியில் ஆறு கை. மூவாயிரத்தில் ஆறு கை, உங்களுடையது கொஞ்சம் தாமதம். ஆறாயிரத்தில் ஐந்து கை. உங்கள் கை மடியில். இதுவரை எல்லாம் அறிவியல். பிறகு டோ தான் யீ உங்களைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாகத் தன் கையை இறக்கினார். ஊ மின் அவரைப் பார்த்து இறக்கினார். பிறகு மாமி, உம்மா, கடைசியாக நாஜியா. ஐந்து கை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் என்ன முடிவுக்கு வருவேன்? ஒலித்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் நடுவில் நின்றுவிட்டது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சந்திரமோகன் ஏமாற்றிவிட்டார் என்றுதான் வருவேன். "செத்துப்போச்சு" என்று சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டான்பாவ் பிரியாணிச் சட்டி அப்போதுதான் இறங்கியது, விருந்தாளியை உட்கார வைத்துவிட்டுப் போகலாமா என்று உம்மா வாசல் வரை கத்திக்கொண்டே வந்தார்கள்.

கடையில் சந்திரமோகனைத் திட்டினேன். அவர் அமைதியாக என் போனை வாங்கி அதே ஆறாயிரத்தை வாசித்துப் பார்த்து, உடனே முகத்தைச் சுளித்தார். "பல்லு கூசுது, நிறுத்துங்க கோ உஸாமா! இது செத்துப்போச்சா? இது நம்மளைச் சாகடிக்கும்!" பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்து என்ன சத்தம் என்றார். ஆக ஸ்பீக்கர் நலம். அப்படியானால் பழுது கொல்லையில். பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது: ஆனாடே. இந்த ஊரில் நாம் எல்லாரும் மூச்சு விடுவதுபோலச் செய்வதுதான். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கக் கூடாது என்று, பசித்தாலும் சாப்பிட்டாச்சு என்போம், கேட்டாலும் கேட்கவில்லை என்போம். மனிதர்களுக்கு அது நல்ல பழக்கமாக இருக்கலாம். அளவெடுக்கும்போது அது பெரிய கேடு.

நான் வந்தபோது நீங்கள் எல்லாரும் எனக்காகக் காத்திருந்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். "ஸ்பீக்கர்லே ஒரு குத்தமும் இல்லை. உங்கள்லே அஞ்சு பேரு பொய் சொல்லியிருக்கீங்க" என்றேன். டோ தான் யீ தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுச்சு தம்பி, ஆனா உங்க மாமா ஹாஜி கையைத் தூக்கலியே, எங்க கை மட்டும் மேலே நிக்கிறது நல்லாவா இருக்கும்?" என்று பர்மிய மொழியில் சொன்னார். மாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். நாஜியா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அது கண் ஜாடை என்று எனக்கு அப்போது தெரியவில்லை, மிளகாய் என்று நினைத்தேன். "அப்போ மாமாவுக்கு மட்டும்தான் கேக்கலை" என்றேன். இரண்டாவது கவளத்தோடு நீங்கள் கையைக் கழுவினீர்கள். ஸ்பீக்கரை எடுக்காமல் கியாக்தான் பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

மாமா, இதில் அவமானம் எங்கே இருக்கிறது? வயது ஆக ஆக உயர்ந்த சுருதிதான் முதலில் போகும். அது எல்லாருக்கும் நடப்பது. பாட்டு கம்பளிக்குள் இருந்து வரவில்லை, கம்பளி உங்கள் காதில் இருக்கிறது. நீங்கள் எத்தனை பெரிய ஸ்பீக்கர் வாங்கினாலும் கியாக்தான் முழுவதற்கும் கேட்கும், உங்களுக்குக் கம்பளியாகத்தான் கேட்கும். ஆகவே என் தொழில்முறை ஆலோசனை: ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், காது டாக்டரைப் பாருங்கள். என் தேர்வு சரி. என் சோதனை சரி. என் முடிவும் சரி. இதற்காக நாஜியா பேச்சை நிறுத்தினால், உண்மை சொன்னதற்கு ஒருவனைத் தண்டித்ததாக ஆகும். எழுத்துப் பிழைகளை உம்மா திருத்திவிட்டார்கள். மற்றதைத் திருத்த நான் விடவில்லை.

மாமிக்கு என் சலாம். நாஜியாவுக்கும் சலாம், அது சாதாரண சலாம்தான். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும், குறிப்பாக நான் மேலே சொன்ன உறுப்புக்கு நல்ல சுகத்தையும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
உஸாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நாஜியா போன் செய்தாள். நீங்கள் மூன்று நாளாகப் போன் எடுக்காதது கோபத்தினால் இல்லையாம், மணி அடித்தது கேட்கவில்லையாம். நான் சொன்னேன் பார்த்தாயா என்றேன். அவள், "ஒண்ணு கேக்கட்டுமா மச்சான்? நாங்க கையை இறக்குன பிறகும் அது விசில் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்க பக்கத்துலேயே நின்னுக்கிட்டு செத்துப்போச்சுன்னீங்க. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டு, ஆறாயிரத்தை எடுத்து, ஸ்பீக்கரை இடது காதோடு வைத்து அழுத்தினேன். செயலி ஓடவில்லை என்று நினைத்தேன். "அந்த விசிலை நிறுத்துடா, மண்டையைத் துளைக்குது" என்று அடுப்படியிலிருந்து உம்மா கத்தினார்கள். வலது காதில் ஏதோ இருந்தது, இருந்ததாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. நாலு வருஷமாக ஜெனரேட்டர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன். என்னைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாஜியாவைத் திரும்ப அழைத்தேன். எனக்கும் அது கேட்கவில்லை என்பதைப் பஸ்ஸிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களாம். "எனக்காவது வயசாச்சு, இந்தப் பயலுக்கு என்ன கேடு?" என்று சொல்லிச் சிரித்தீர்களாம். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் வாப்பா, இந்தப் பக்கம் நீங்க, நடுவுலே நான் காலம் பூரா கத்திக்கிட்டு இருக்கணுமா? ரெண்டு பேரும் முதல்லே டாக்டர்கிட்டே போங்க. பிறகு நிக்காஹ் பேசுங்க. ஸ்பீக்கரை நான் பாத்து எடுத்துக்கிறேன்" என்றாள். அவள் முடிவு சரி என்று சொல்லிவிட்டேன், இது எனக்குப் பழக்கமில்லாத வாக்கியம்.

மேலே எழுதியதைக் கிழிக்க நேரமில்லை, கடிதத்தை வாங்கிப் போகக் கியாக்தான் பஸ் டிரைவர் வாசலில் நிற்கிறார். சரி, சரி, சரி என்று நான் எழுதிய அந்த மூன்று வரியை மட்டும் அடித்துவிட்டு வாசியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை காது டாக்டரிடம் இரண்டு டோக்கன் போட்டிருக்கிறேன். முதலாவது உங்களுடையது, இரண்டாவது என்னுடையது. நாஜியாவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிடும்போது, வெளியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது கேட்க வேண்டும்.