குளச்சலுக்கு மேலே மூன்று சுற்று

பீப், பீப் என்று கத்திவிட்டு, வழிகாட்டும் டேப்லெட் அணைந்துபோனது. வெயிலில் சூடேறிவிட்டது.

"அப்பா, இதை யாரு கண்ணாடிப் பக்கம் வச்சது?"

"நாந்தான் மக்கா. வழி உனக்கு நல்லாத் தெரியட்டும்னு வச்சேன்."

உரிமம் வாங்கிய பிறகு ஸ்மிதா அப்பா ரசலையனைக் குட்டி விமானத்தில் ஏற்றிப் பறப்பது இதுதான் முதல் தடவை. திருவனந்தபுரத்திலிருந்து கடலோரமாக வந்து, குளச்சலில் தங்கள் வீட்டுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். தெருவே மொட்டைமாடிகளில் ஏறி நின்றது. 'இவளாவது, பிளைன் ஓட்டுகதாவது' என்று சிரித்தவர்களும் அதில் உண்டு.

ஒன்று போனால் இன்னொன்றைப் பார் என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திசைகாட்டியைப் பார்த்தாள். அது கடல் பக்கத்தை வடக்கு என்றது.

"அப்பா, போனை அதுக்கிட்ட கொண்டு போகாதீங்க. உறையில காந்தம் இருக்கு."

"வீடியோ எடுக்காண்டாமா?"

அவசரமாகப் போனை இழுத்ததில், ஜி.பி.எஸ். கருவியின் ஒயரும் கூடவே வந்துவிட்டது. திரை இருண்டது.

"சரி, மேப்பைத் தாங்க."

ரசலையன் நெளிந்தார். "அதுக்க மேலதான் இருக்கேன். பெல்ட்டு போட்டாச்சே, எப்படி எந்திரிக்க?"

இனி கண்தான் துணை. கீழே ஒரு துறைமுகம், வெள்ளைக் கோயில், வரிசையாகப் படகுகள்.

"அந்தா நம்ம கோயிலு. சுத்து மக்கா."

ஸ்மிதா கடிகாரத்தைப் பார்த்தாள். "அதுக்குள்ள குளச்சல் வராதேப்பா."

"ஏட்டி, முப்பது வருஷம் இந்த ரூட்டுல பஸ் ஓட்டுனவன்கிட்டயா சொல்லுகா?"

சுற்றினாள். ஒரு பெரிய வீட்டு மாடியில் ஆட்கள் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். ரசலையன் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாழ விடு."

"தாழக்கூடாதுப்பா."

"அப்போ றெக்கையையாவது ஆட்டு."

ஆட்டினாள். மூன்றாவது சுற்றில்தான் கடலில் வந்து விழும் ஆறு அவள் கண்ணில் பட்டது. குளச்சலில் ஏது ஆறு? இது குளச்சலுக்கு முன்னாலேயே வரும் தேங்காப்பட்டணம்!

அந்த நேரம் பார்த்து, பெரிய விமானங்கள் வரிசையாக வருவதாகவும் உடனே திரும்ப வேண்டும் என்றும் ரேடியோவில் உத்தரவு வந்தது. திரும்பினாள்.

"நம்ம தெருவுல எல்லாரும் மானத்தைப் பாத்து நிக்காவ. பஸ் ஓட்டுன ஆளுக்கு ஊரு தெரியல்லியா?"

ரசலையன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

"தெரியாமலா மக்கா? 'பிளைன் ஓட்டுத பெண்ணு எங்க குடும்பத்துக்கு ஆகாது'ன்னு உன்னைப் பெண்ணு பாத்துட்டுப் போனானே, அவனுக்க வீடுதான் அது."