பூக்கட்டிப் பார்த்து வாங்கிய சன்னம்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிரமித்துப்போனால் எனக்குக் காது வேலை செய்யாது. கண் விரிந்திருக்கும், தலை தானாக ஆடும், வாய் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே ஒன்றும் இறங்காது. இந்தக் கோளாறு என் கலியாணத்தையே குழப்பப் பார்த்தது.

அப்போது நான் கியூபெக்கில், செயின்ட்-மிஷேலில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த சைவப் பெடியன். நான் விரும்பிய அனிற்றா, ரொக்ஸ்பரோவில் வசிக்கும் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவளுக்குத் தகப்பன் இல்லை. ஆகவே சம்மதம் சொல்லவேண்டியவர் தாய் ஒருவர்தான். அவரை நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன் (அந்த உரிமையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்). இரண்டு தரம் வீட்டுக்குப் போய்விட்டேன். மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் தந்தார்.

மூன்றாம் தரம் போனபோது "அம்மா கீழே நிக்கிறா" என்று அனிற்றா சொன்னாள். பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும், ஐம்பத்தெட்டு வயதான, பூப்போட்ட ஹவுஸ்கோட் அணிந்த அந்த மனுசி, என் நெஞ்சு உயரத்துக்கு நீளமான ஒரு துவக்கைத் தோளில் ஏந்தி, எதிர்ச் சுவரில் இருந்த ஒரு புள்ளியைக் குறிபார்த்துக்கொண்டு நின்றார். மூச்சுக்கூட விடவில்லை. துவக்கு என்றாலே தலைதெறிக்க ஓடிய சனம் நாங்கள். நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

"பயப்பிடாதையும் தம்பி. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. இது காத்துத் துவக்கு" என்றார்.

காற்றுத் துவக்கு என்றதும் பலூன் உடைக்கும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் வெடிமருந்து இல்லை; குழலின் கீழுள்ள சிலிண்டரில் இறுக்கி அடைத்த காற்றுத்தான் சன்னத்தை, அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டை, தள்ளும். அந்தத் தள்ளு தள்ளுவதால் இதற்கும் மற்றத் துவக்குகளைப் போலவே அனுமதிப்பத்திரம் வேண்டும். மாமி பரீட்சை எழுதி அதை எடுத்தவர். கிளப்பில் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வென்றவர். மூன்றாம் தரமும் வென்றால் கோப்பை அவருக்கே சொந்தம்.

"சனிக்கிழமை போட்டி. சன்னம் முடிஞ்சுது. நீர் வரேக்கை வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். பிறகு கலிபர் (குழலுக்கேற்ற பருமன்), நிறை, வடிவம் எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். அவர் சொன்னார் என்பது தெரியும். என்ன சொன்னார் என்பது தெரியாது. நான் அவருடைய அசையாத கையையே பார்த்து "ஓம் மாமி, ஓம் மாமி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் வைத்து அனிற்றா என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா தன்ரை சன்னத்தை வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டா. உங்களை வாங்கச் சொல்லியிருக்கிறா எண்டால் பாருங்கோவன்."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். "போன்ஜூர், எந்தக் கலிபர்?" என்று கடைக்காரர் கேட்டார். "நல்லதாப் பாத்து ஒண்டு தாருங்கோ" என்றேன், ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன் மாதிரி.

அவர் கையால் காட்டிய பக்கம் திரும்பினேன். ஒரு முழுச் சுவருக்குத் தகர டப்பாக்கள். அந்த நல்ல மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பதினேழு கலிபர்: கடுகு கொஞ்சம் கொழுத்தது போல, வேகமாகப் போகும், ஆனால் காற்று அடித்தால் அதன் பின்னாலேயே போய்விடும். இருபத்திரண்டு: பொதுவாக எல்லோரும் எடுப்பது. இருபத்தைந்து: பாரமானது, காற்றுக்கு இலகுவில் அசையாது, ஆனால் துவக்குக்கு அதைத் தள்ளும் பலம் வேண்டும். அதற்குள் இன்னொரு பிரிவினை. இடை ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்த சாதாரண சன்னம் ஒன்று. இடையே இல்லாத, துவக்குக் குண்டு போலவே இருக்கும் ஸ்லக் மற்றது. அது தூரத்துக்கு நேராகப் போகும், ஆனால் குழலின் உட்புரி அதற்குப் பொருந்தவேண்டும். ஓர் உளுந்தளவு ஈயத்துக்குள் இவ்வளவு கல்வியா என்று வாயைப் பிளந்தேன். வாய் பிளந்ததும் காது அடைத்துக்கொண்டது.

"துவக்குச் சொந்தக்காரரைக் கேட்பதுதான் நல்லது" என்று முடித்தார்.

அதை மட்டும் என்னால் செய்யமுடியாது. கேட்டால், மாமி முதன்முதலாக என்னை நம்பிச் சொன்னதை அரைக் காதாலும் நான் கேட்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். பதினேழை நானாகவே தள்ளிவிட்டேன் (மாமியின் தோற்றத்துக்கு அது காணாது). மிச்சத்தை முடிவுசெய்ய ஒரு மணித்தியாலம் தவணை கேட்டு, நேரே கோயிலுக்குப் போனேன்.

எங்கள் ஆட்கள் ஒரு முடிவுக்கு வரமுடியாவிட்டால் என்ன செய்வார்கள்? பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். பிள்ளையாரின் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் இருபத்திரண்டு, வெள்ளை வந்தால் இருபத்தைந்து என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன்.

"என்ன விசயமாக் கேக்கிறியள்?" என்றார் ஐயர்.

"கலியாண விசயம், ஐயா." (பொய் இல்லையே.)

ஐயர் கண்ணை மூடி எடுத்தார். வெள்ளை. "ஐயா, இன்னொருக்கா எடுக்கவேணும்" என்றேன். சிவப்பென்றால் சாதாரண சன்னம், வெள்ளையென்றால் ஸ்லக்; அது பாக்கி இருந்ததே.

"ரெண்டாவது பொம்பிளைக்கோ?" என்று கேட்டார் ஐயர். மறுபடியும் வெள்ளை. இருபத்தைந்து, ஸ்லக். பிள்ளையாரே நிறை நிறுத்துத் தந்ததுபோல் புல்லரித்தது. இரண்டு கலிபரிலும் ஒவ்வொரு டப்பா வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த யோசனை எனக்குக் கலியாணம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் வந்தது.

சனிக்கிழமை காலை, மாமியின் காரில் ஒரு மணித்தியால ஓட்டம். கிளப் வெளியில் சில்லென்று காற்று. மாமி தன் இடத்தில் இருந்து, துவக்கைத் தாங்கியில் வைத்து, டப்பாவைத் திறந்தார். ஒன்றை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன?"

"சன்னம், மாமி."

"ஆரின்ரை துவக்குக்கு?"

அனிற்றா தலையில் கை வைத்தாள். மாமியின் துவக்கு இருபத்திரண்டு. நான் கொண்டுவந்தது அதன் குழலுக்குள் தலையைக்கூட நுழைக்காது.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து போய், பக்கத்தில் இருந்த லூக் என்ற கியூபெக் கிழவரிடம் ஒரு டப்பா கேட்டார். இரண்டு வருடமும் மாமியிடம் தோற்றவர் அவர்தான். அவர் கொடுத்தார், மாமி "மெர்சி" என்றார். கலிபர் சரி, ஆனால் நிறை குறைவு. மாமி தன் குறிக்கண்ணாடியைப் பாரமான சன்னத்துக்கே பொருத்தியிருந்தார்.

பழகிப் பார்க்க ஐந்து சூடு. முதலாவது வட்டத்துக்கு மேலே போனது, இரண்டாவது மேலேயும் இடப்பக்கமும். மூன்றாவதுக்கு முன்பு கம்பத்தில் ஆடிய ரிப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கறுப்பு வட்டத்தை விட்டு, அதற்குக் கீழே வலப்பக்கமாக ஒன்றுமே இல்லாத வெறும் கடதாசியைக் குறிபார்த்துச் சுட்டார். ஐம்பது மீற்றருக்கு அப்பால் வட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. காற்று மாற மாற, அவர் சுடும் வெறும் இடமும் மாறியது. ஓட்டை மட்டும் நடுவை விட்டு அதிகம் விலகவில்லை. என் வாழ்க்கை பாழாகிக்கொண்டிருந்ததையும் மறந்து கைதட்டினேன். நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

மாமி இரண்டு புள்ளியால் தோற்றார். கோப்பையை லூக் கொண்டுபோனார்.

திரும்பி வரும்போதும் மாமிதான் கார் ஓட்டினார். பாதி வழியில் என்னால் தாங்கமுடியவில்லை. படியில் இருந்தது, காது அடைத்தது, கோயில், ஐயர், வெள்ளைப் பூ எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "மாமி, எனக்கு வெக்கமாக் கிடக்கு. என்னை வேண்டாம் எண்டாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன்.

மாமி காரை வீதியோரம் நிற்பாட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழ ஆயத்தமானேன். நிமிர்ந்தபோது கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அனிற்றா, உன்ரை ஆள் எனக்காகச் சாமியிட்டைப் போய்க் கலிபர் கேட்டிருக்கிறார். சரி தம்பி, சன்னம் வந்திட்டுது. இனி அதுக்கேத்த துவக்கை நீர்தான் வாங்கித் தரவேணும். தந்திட்டுப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போம்."

தந்தேன். பதினொரு மாதம் மேலதிக வேலை செய்து, ஸ்லக்குக்குப் பொருந்திய குழலோடு, இருபத்தைந்து கலிபரில் ஒன்று. அதன்பிறகுதான் கோயிலிலும் சேர்ச்சிலும் தாலி கட்டினேன்.

இன்றைக்கும் கலியாண வீடுகளில் சீதனக் கதை வந்தால், மாமி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். "நாங்கள் ஒரு சதமும் குடுக்கேல்லை. மாப்பிள்ளைதான் மாமியாருக்குத் துவக்குச் சீதனம் தந்து கட்டினவர்" என்று தொடங்குவார். நான் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவேன்.